மீன்தொட்டிக்கு ஓட்டை போட்டாயிற்று

சங்கருக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். நீ விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் எழுதியதோடு சரி, அதற்குப் பிறகு நான் பேனா பிடித்தது கையெழுத்துப் போட மட்டும்தான். போனில் சொல்லலாம் என்றால் நீ எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். ஒரு பக்கம் உன் அம்மா, ஒரு பக்கம் மருமகள், நடுவில் நிலாக்குட்டி போனைப் பிடுங்குகிறாள். அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி ஒரு மனுசன் தன் மனசில் கிடப்பதைச் சொல்ல முடியுமா? அதனால்தான் உன் ஆபீஸ் விலாசத்துக்குக் கூரியரில் அனுப்புகிறேன். அம்மாவிடம் காட்டாதே. காட்டினால் முதலில் சிரிப்பாள், பிறகு அழுவாள், இரண்டுக்கும் என்னைத்தான் ஏசுவாள்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். எனக்கு இங்கே தனியாக இருக்க முடியவில்லை. உங்களோடு வந்து இருக்க ஆசையாக இருக்கிறது. இந்த இரண்டு வரியைச் சொல்ல வாய் வராமல்தான் நான் ஆறடித் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஓட்டை போட்டேன். அது எப்படி என்று கேள்.

தொட்டி உன்னுடையது. பாலிடெக்னிக் படிக்கும்போது கண்ணாடிக் கடையில் சொல்லி ஒட்டவைத்து, நாலு பேர் சுமந்து வந்து ஹாலில் இறக்கினீர்கள். "இது எதுக்குலே, நாம இருக்கவே இடம் இல்ல" என்று கத்தினேன். நீ வேலைக்குப் போனதும் அது அம்மா கைக்கு வந்தது. நிலா பிறந்து அம்மா பெங்களூருக்கு வந்ததும் என் கைக்கு வந்தது. பேர் வைக்கிற விசேஷத்துக்கு நானும் வந்து சில நாள் இருந்தேன். எல்லோரும் கிளம்பிப் போனபிறகு, அடுத்து என்ன என்று பேச்சு வந்தது. அம்மா இருந்தாக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? என் பக்கம் திரும்பி நீ சொன்னாய், "அப்பா போயித்தான ஆகணும், அங்கன மீன் கெடக்குல்லா." அம்மாவும் ஆமாம் என்றாள். மருமகளும் தலையாட்டினாள். நானும் பெரிய மனுசன் மாதிரி, "ஆமா ஆமா, மீன் கெடக்கு. எனக்கும் இந்த ஊரு செட் ஆகாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: நான் உங்களோடு இருக்க முடியாததற்குக் காரணம் மீன். வேறு காரணம் எதுவும் இல்லை. இந்த எண்ணம் எனக்கு ஒரு வகையில் ஆறுதலாகவே இருந்தது. மனுசர்கள் வேண்டாம் என்று சொன்னால் வலிக்கும். மீன் போகவிடாமல் பிடித்துவைத்தால் யார் மேலும் கோபப்பட வேண்டியதில்லை.

நான் எப்படி இருந்த ஆள் என்று உனக்குத் தெரியும். கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு காலையில் முதல் சிங்கிளில் சீட்டுக் கிழிக்க ஆரம்பித்தால் பொழுது அடையும்வரை பேச்சுத்தான். சிவகிரி, ராஜபாளையம் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்து, உன்னிடமும் அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுப் படுப்பேன். இப்போது தலைகீழ். தொண்டை நன்றாக இருக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை. ஒரு ஆழாக்கு அரிசி போட்டு வடித்து, காலையில் சாம்பார், ராத்திரி அதே சாம்பார். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்து, இப்போதுள்ள கண்டக்டர்கள் ஊர்ப்பேரைக் கடித்துத் துப்புவதைக் கேட்டுவிட்டு வருவேன். நம் தெருவில் தறிச் சத்தம் இருக்கும்வரை பரவாயில்லை. கரண்ட் போய்த் தறியெல்லாம் சட்டென்று நின்றதும் வீடு பெரிதாகிவிடுகிறது. அப்போது தொட்டி முன்னால் போய் நின்றுகொள்வேன். அந்தப் பெரிய ஆஸ்கார் மீன் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு என்னைப் பார்க்கும். "சாப்ட்டியாலே?" என்று கேட்பேன். இந்த வீட்டில் நான் அன்றைக்குப் பேசிய ஒரே பேச்சு அதுவாகக்கூட இருக்கும்.

தண்ணீர் மாற்றப் பக்கெட் தூக்கும்போது நடையில் வழுக்கி இடுப்பில் அடிபட்டதை நான் உங்களிடம் சொல்லவே இல்லை, பக்கத்து வீட்டு இசக்கிதான் அம்மாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டான். அதற்கு அடுத்துத்தான் உன் பார்சல் வந்தது. பிரித்தால் சின்னதும் பெரியதுமாய் வட்ட வட்ட ரம்பங்கள். போனில் கேட்டதற்கு, "டைமண்ட் ஹோல் சா, கண்ணாடில ஓட்ட போடுததுக்கு" என்றாய். உன் அம்மா மூக்குத்திக்கு நான் வாங்கித்தராத வைரத்தை மகன் மீனுக்கு வாங்கியிருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். தொட்டியின் பின்பக்கக் கண்ணாடியில் மேலே ஓர் ஓட்டை, அதில் குழாய் மாட்ட ஒரு டேங்க் நிப்பிள். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் வரும், நிறைந்த தண்ணீர் ஓட்டை வழியாகக் கொல்லைக்குப் போய்விடும். தீனி போட ஒரு மிஷின், கரண்ட் போனால் காற்று விட பேட்டரி பம்ப். எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "இத மாட்டிட்டா நீங்க கையே வைக்காண்டாம், அது பாட்டுக்கு ஓடும்" என்றாய்.

அது பாட்டுக்கு ஓடும் என்றால் என்ன அர்த்தம்? நான் எடுத்துக்கொண்ட அர்த்தம், அப்பாவை அழைத்துக்கொள்ள மகன் வழி பண்ணுகிறான் என்பது. நேரே கேட்டால் நான் பிகு பண்ணுவேன் என்று, முதலில் மீனுக்கு ஏற்பாடு செய்துவிட்டு அப்புறம் கூப்பிடப்போகிறான் என்று நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி அதே பழைய சாம்பார் ருசியாக இருந்தது.

இசக்கி வீட்டில் டிரில்லிங் மிஷின் இருக்கிறது, தறிக்கூடத்தில் எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பவன் அல்லவா. "அண்ணாச்சி, இது சுவத்துல ஓட்ட போடுத மிஷினு. கண்ணாடில வச்சா செதறிப் போவும்" என்று பயந்தான். நீ அனுப்பிய வீடியோவைக் காட்டி இழுத்துவந்தேன். பழைய ஷோகேஸ் தட்டில் பழகிப் பார்க்கலாம் என்று வைத்தோம். வைத்த மாத்திரத்தில் சில்லுச் சில்லாகப் போய்விட்டது. சுவரை இடிக்கிற சுவிட்சை அவன் மாற்றவே இல்லை! "நாந்தான் சொன்னேன்லா" என்று அவன் என்னையே ஏசினான். சுவிட்சை மாற்றி இரண்டாவது தட்டில் வைத்தோம். இந்தத் தடவை நான் அழுத்திவிட்டேன், கடைசியில் ஓரம் பிளந்தது. வீடியோவில் அந்த மனுசன் படித்துப் படித்துச் சொன்னது அதைத்தான், அழுத்தாதே, மிஷினின் கனமே போதும் என்று. எனக்கு எதையும் மெதுவாகச் செய்யத் தெரியாது. விசில் ஊதினால் பஸ் நகர வேண்டும் என்று வாழ்ந்தவன். மூன்றாவது தட்டில்தான் கை நின்றது.

தொட்டியில் வேலை ஆரம்பிக்கப் போனால் வேறு ஒரு கூத்து. மீனையெல்லாம் பெரிய டப்பில் மாற்றி, தண்ணீரை வடித்தாயிற்று. தொட்டியை மெத்தை மேல் குப்புறப் படுக்கவைக்க நாலு பேர் வேண்டும். தறிக்காரர்களைக் கூப்பிட்டால், தறி ஓடும்போது எப்படி வருவார்கள்? கரண்ட் போனதும் ஓடிவந்தார்கள். ஆனால் கரண்ட் இல்லாமல் மிஷின் எப்படி ஓடும்? கரண்ட் வந்ததும் மிஷின் ரெடி, ஆட்கள் தறிக்குப் போய்விட்டார்கள். ஆள் இருந்தால் கரண்ட் இல்லை, கரண்ட் இருந்தால் ஆள் இல்லை. கடைசியில் கரண்ட் இல்லாத நேரத்தில் புரட்டிப் போட்டுவைத்து, கரண்ட் வந்ததும் நானும் இசக்கியும் மட்டும் உட்கார்ந்தோம். வெட்டுப்பட்ட வில்லை கீழே உள்ள கண்ணாடியில் விழுந்து உடைத்துவிடக்கூடாது என்று, அம்மாவின் பழைய சேலையை மடித்து உள்ளே வைத்தேன். சப்பாத்தி மாவைப் பிசைந்து கண்ணாடி மேல் வட்டமாக அணைகட்டி, நடுவில் தண்ணீர் ஊற்றினேன், ரம்பம் சூடாகிவிடக்கூடாது அல்லவா. இசக்கி சொம்போடு பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான்.

முதலில் ரம்பத்தைச் சாய்த்துப் பிடித்துப் பிறை மாதிரி ஒரு கோடு விழுந்ததும் மெல்ல நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினேன். அப்புறம் பொறுமைதான். தண்ணீர் பாலாக வெளுத்து வரும், கண்ணாடிப் பொடி. அதைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். அவ்வளவு நேரமும் நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? நிலாவை உங்கள் குடியிருப்புப் பூங்காவுக்குக் கூட்டிப்போவதை. நீ ஆபீஸ் விட்டு வரும்போது கதவு திறந்துவிடுவதை. அம்மா கையால் ஒரு புளிக்குழம்பை. நான் வந்தால் எங்கே படுப்பது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன், ஹாலில் சோபாவை ஒட்டி ஒரு பாய் போட இடம் இருக்கிறது. வில்லை சத்தமே இல்லாமல் சேலையில் விழுந்தது. ஓட்டை அப்படியே வழவழவென்று வட்டமாக இருந்தது. "அண்ணாச்சி, சாதிச்சிட்டியள்!" என்று இசக்கி சொம்போடு எழுந்து ஆடினான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிப் பொடி பட்டுவிட்டது என்று சொன்னேன்.

எல்லாம் மாட்டி, ஒழுகாமல் ஓடுகிறது என்று தெரிந்ததும் ஒரு பரீட்சை வைத்தேன். வீட்டைப் பூட்டிவிட்டு சிவகிரிக்கு உன் அத்தை வீட்டுக்குப் போய்ச் சில நாள் இருந்தேன். "என்னண்ணே, திடீர்னு வந்து நிக்க? பெங்களூருக்குக் கூப்ட்டுட்டானா சங்கரு?" என்று கேட்டாள். "கூப்டுவான், கூப்டுவான். அதுக்குத்தான மிஷினெல்லாம் அனுப்பிருக்கான்" என்றேன். திரும்பி வந்து பார்த்தால் தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது. மீன்கள் நான் போனதையே கவனித்த மாதிரி தெரியவில்லை. அன்றைக்கே பையை எடுத்துத் துணி அடுக்கிவிட்டேன். நிலாவுக்கு ஒரு பாவாடை சட்டை, மருமகளுக்குப் பிடிக்குமே என்று கருப்பட்டி, எல்லாம் வாங்கி மேலாக வைத்தேன்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தொட்டியைக் காட்டினேன். குழாயில் தண்ணீர் வருவதை, ஓட்டை வழியாகப் போவதை, தீனி மிஷின் சுற்றுவதை, எல்லாம். நான் பூட்டிவிட்டுப் போய்வந்ததையும் சொன்னேன். "பாத்துக்க, நான் இல்லாமலே ஓடுது" என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டாய். "சூப்பர்ப்பா! இனிமே பக்கெட்டே தூக்காண்டாம். நிம்மதியா இருங்க" என்றாய். அம்மா பின்னாலிருந்து, "கரண்ட் பில்லு கூடுமால்லா?" என்று கேட்டாள். நிலா புதுப் பொம்மையைக் காட்டினாள். நான் சிரித்துக்கொண்டே காத்திருந்தேன். இதோ இப்போது கேட்பான், இதோ கேட்பான் என்று. "சரிப்பா, வச்சிரவா?" என்றாய். வை என்றேன்.

நிம்மதியாக இருங்கள். அந்த வார்த்தையை நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோபம் வந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்பன் மீனுக்குக் காவலாளியா, அந்த வேலையும் போன பிறகு என்னதான் செய்வான் என்று இவனுக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா என்று. அதன்பிறகு கோபம் போய் மனசு வெறிச்சென்று ஆகிவிட்டது. இப்போது தண்ணீர் மாற்ற வேண்டிய வேலைகூட இல்லை. தீனி போடும் வேலையும் போயிற்று. முன்பெல்லாம் நான் வந்து நின்றால் கண்ணாடிக்கு ஓடிவரும் ஆஸ்கார், இப்போது அந்த மிஷினுக்கு அடியில் போய் நிற்கிறது.

பையை நான் பிரிக்கவில்லை. கட்டில் பக்கத்திலேயே இருக்கிறது. காலையில் அதிலிருந்து ஒரு சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்வேன். துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி அதிலேயே வைத்துவிடுவேன். கருப்பட்டியை எறும்பு மோப்பம் பிடித்துவிட்டது, அதை மட்டும் டப்பாவில் மாற்றினேன். இசக்கி பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, இன்னும் கெளம்பலியா?" என்றான். "இந்தா, கெளம்பணும்" என்றேன். "அதான் எல்லாம் முடிஞ்சிட்டுல்லா, பொறவு என்ன?" என்றான். கூப்பிடவில்லை என்று எப்படிச் சொல்வது?

உனக்கு உன் பெரியப்பா ஞாபகம் வந்திருக்க வேண்டும். உன் கல்யாணத்துக்கு இளையரசனேந்தலில் இருந்து அவர் வராமல் மல்லுக்கு நின்றாரே. பத்திரிகையை யாரோ ஒரு ஆள் மூலமாகக் கொடுத்து அனுப்பிவிட்டேன், வேலை நெருக்கடி. கூடப்பிறந்தவனை நேரில் வந்து தாம்பாளம் வைத்து அழைக்கவில்லை என்று சொல்லி அனுப்பினார். கல்யாணத்துக்கு முந்தின நாள், தலைக்கு மேல் வேலை இருக்க, நானும் அம்மாவும் கார் பிடித்துப் போனோம். போய்ப் பார்த்தால் மனுசன் குளித்து, தேய்த்த வேட்டி சட்டை போட்டு, பையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! வெற்றிலை பாக்கு வைத்து "கல்யாணத்துக்கு வாங்கண்ணே" என்று நாங்கள் சொன்ன மறு நிமிஷம் எங்களுக்கு முன்னால் காரில் ஏறிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லி நாம் எவ்வளவு சிரித்திருப்போம். ஒரு வார்த்தைக்காக எத்தனை நாளாக அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாரோ என்று எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

நம் ஆட்கள் எல்லோருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு. கூப்பிடாத இடத்துக்கு உயிர் போனாலும் போகமாட்டோம். உன் தலைமுறைக்கு இது புரியாது. பெற்ற அப்பனை எதற்குக் கூப்பிட வேண்டும், அவர் வீடு, அவருக்கு வேண்டும் என்றால் வரட்டும் என்றுதான் நீ நினைத்திருப்பாய். போதாததற்கு நானே அந்த ஊர் செட் ஆகாது என்று பீற்றிக்கொண்டேன். நீ அதை நிஜம் என்று நம்பி, அப்பா அவர் ஊரில் அவர் இஷ்டப்படி இருக்கட்டும் என்று எனக்கு நல்லது செய்கிறாய். இங்கே நான் மகன் கூப்பிடவில்லையே என்று உட்கார்ந்திருக்கிறேன். உன் மேல் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் கேட்டுக்கொள். வயசானவர்கள் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னால், அந்த ஒரு தடவையோடு விட்டுவிடாதே. இன்னொரு தடவை கேள். சாப்பாட்டுக்கு ஆனாலும் சரி, வீட்டுக்கு ஆனாலும் சரி. நாளைக்கு உன் மாமனார் மாமியார் தனியாக ஆனாலும் இதேதான்.

வேறு ஏதாவது சங்கடம் இருந்தாலும் எனக்குப் புரியும். வீடு சின்னது. மருமகள் வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறாள், ஹாலில் ஒரு ஆள் இருமிக்கொண்டு கிடந்தால் அவளுக்குக் கஷ்டம்தான். பகலில் நான் வெளியே எங்கேயாவது உட்கார்ந்துகொள்வேன். எனக்குப் பழக்கம்தான், பஸ் போகிற இடமாக இருந்தால் போதும். கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம். ஒத்துவரவில்லை என்றால் நானே கிளம்பிவிடுவேன், நீ வாய் திறக்க வேண்டாம். ஆனால் ஒத்துவர வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டுதான் வருகிறேன்.

ஆமாம், வருகிறேன். நீ கூப்பிடுவாய் என்று இனியும் காத்திருந்தால் நானும் பெரியப்பா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தே கிடப்பேன். எனக்குத் தாம்பாளம் வேண்டாம், வெற்றிலை பாக்கும் வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு இசக்கி போனில் டிக்கெட் போட்டுவிட்டான், சாவியும் அவனிடம்தான். சனிக்கிழமை காலையில் மடிவாளாவில் இறங்கி ஆட்டோ பிடித்து நானே வந்துவிடுவேன், நீ எழுந்து வர வேண்டாம். அம்மாவிடமும் சொல்லாதே. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூப்பிடாத வீட்டுக்கு வருகிறேன், அதுவும் மகன் வீட்டுக்கு. அதனால் ஒன்றே ஒன்று செய். மணி அடித்ததும் கதவை நீயே வந்து திற. "என்னப்பா, சொல்லாம வந்துட்டீங்க" என்று கேட்டுவிடாதே, தூக்கக் கலக்கத்தில்கூடக் கேட்டுவிடாதே. "வாங்கப்பா" என்று சொல்.

அப்பா